மஞ்சள் பட்டையும் எங்கள் அண்ணியும்

எங்கள் பட்டறையில் அண்ணி என்றால் ஒரே ஓர் ஆள்தான். எனக்கு அவர் நிஜமாகவே அண்ணி. என் கூடப்பிறந்த அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவர். மற்றவர்களுக்கு என்ன உறவு? ஒன்றும் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோர் முன்னாலும் "அண்ணி, அந்தத் தாளைக் கொடுங்க" என்று கூப்பிட்டுவிட்டேன், அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. அவரைவிட வயதில் மூத்த ஸ்டோர்காரருக்கும் அண்ணி, எங்கள் எல்லோருக்கும் தலைவரான டாக்டருக்கும் அண்ணி, கால் அளவு கொடுக்க வருகிறவர்களுக்கும் அண்ணி. இதில் என் அண்ணனுக்கு மட்டும்தான் கொஞ்சம் சங்கடம். "அப்போ போறவன் வர்றவன் எல்லாம் எனக்குத் தம்பியாடா?" என்று என்னிடம்தான் எரிந்து விழுவான்.

நாங்கள் கால் செய்கிறவர்கள். விபத்திலோ வியாதியிலோ கால் போனவர்களுக்கு அளவெடுத்து, மாவுக்கட்டில் அச்செடுத்து, செதுக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, பாதம் மாட்டி நடக்கவிடுவது எங்கள் வேலை. பின்பக்கம் பட்டறை, முன்பக்கம் ஆபீஸ். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு, எப்போது பார்த்தாலும் மாவுத்தூள் படிந்து வெள்ளையாக இருக்கும். அந்தத் தூள் கம்ப்யூட்டருக்குள் போகக் கூடாது என்று அண்ணி தன் பழைய புடவையைக் கிழித்து ஒவ்வொரு கீபோர்டுக்கும் உறை தைத்துப் போட்டிருக்கிறார். உறையை எடுத்துவிட்டு மூட மறந்தவர்களுக்கு அன்றைக்குக் கிடைக்கிற மண்டகப்படி இருக்கிறதே, அப்பப்பா!

அண்ணி டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தார். எங்கள் வீட்டுக்கு வரும்போதே கோபமும் கூடவே வந்தது. அதைப்போலவே சோம்பேறித்தனமும் வந்தது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே மாதிரி அளவுத்தாளைத் திரும்பத் திரும்ப அடித்து அலுத்துப்போய், "இந்தக் கூட்டல் கழித்தலை எல்லாம் மெஷினே செய்யாதா?" என்று ஆரம்பித்தவர், சமையலறை மேடையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மேக்ரோ எழுதக் கற்றுக்கொண்டார். மேக்ரோ என்றால் வேறொன்றுமில்லை, தாளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிற ஒரு சின்ன வேலைக்காரன். இன்னது செய் என்று ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் செய்வான். அண்ணி கற்றுக்கொண்ட காலத்தில் எங்கள் வீட்டில் அடிப்பிடித்த குழம்பைத்தான் அடிக்கடி சாப்பிட்டோம். ஆனால் கடைசியில் அளவுத்தாளின் மூலையில் ஒரு பொத்தான் வந்தது. அமுக்கினால் சுற்றளவு, உயரம், பாத அளவு எல்லாம் கணக்காகி, பட்டறைக்கு வேண்டிய வேலைத்தாள் பிரிண்டரில் வந்து விழும். "அண்ணி பொத்தான்" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், ஏதோ நானே எழுதியது போல.

அந்தப் பொத்தானுக்கு ஒரு சடங்கு உண்டு. கம்ப்யூட்டரில் தாளைத் திறந்ததும் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும். இதில் மேக்ரோ இருக்கிறது, பாதுகாப்புக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன், அனுமதிக்கலாமா என்று கேட்கும். அனுமதித்தால்தான் பொத்தான் வேலை செய்யும். அதனால் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: "மஞ்சளா ஒண்ணு வரும். யோசிக்காம அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இரு." அண்ணியும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். வருஷக்கணக்கில் எல்லோருக்கும் கை தானாகவே அங்கே போகப் பழகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் கண்டக்டர் வந்தார்.

பஸ் கண்டக்டர். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. வாயைத் திறந்தால் ஜோக்குதான். "கூட்டத்துல யாரோ காலை மிதிச்சுட்டாங்கன்னு நானும் மத்தவங்க மாதிரி சண்டை போடணும் அண்ணி, அதான் என் ஆசை" என்பார். ஆனால் விஷயம் ஜோக் இல்லை. புதுக்கால் மாட்டிக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் ஒரு நடை முழுக்க வேலை செய்து காட்டினால் டெப்போவில் பழைய வேலையே கொடுப்பார்கள். வருகிற திங்கட்கிழமை சோதனை. தவறினால் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்துவிடுவார்கள், அதன்பிறகு பஸ்ஸில் ஏற முடியாது. "கேட்ல உட்கார்ந்து போற வர்ற வண்டியை எண்ணறதுக்கு நான் என்ன அண்ணி செத்தா போயிட்டேன்?" என்று கேட்டபோது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

டெப்போவிலிருந்து அவருடைய மருத்துவ விவரங்கள் மெயிலில் வந்தன. ஸ்டோர்காரர் திறந்தார். மஞ்சள் பட்டை வந்தது, அமுக்கினார். டேப்பு அளவெடுத்தாள். டேப்பு என்பது எங்கள் அளவெடுக்கும் பெண். கழுத்தில் எப்போதும் டேப் தொங்குவதால் அந்தப் பெயர். அளவை நேராகத் தாளில் ஏற்றினாள். நான் வேலைத்தாளைப் பார்த்துச் செதுக்கி, உறை போட்டு, கால் தயார் செய்தேன். கண்டக்டர் மாட்டிக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இது யார் காலுண்ணே? நம்ம கால் மாதிரி தெரியலியே" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. கழற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. இன்னோரிடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

எனக்கு வந்ததே கோபம்! டேப்பைப் பார்த்து, "அளவெடுக்கும்போது தூங்கினியா?" என்று கத்தினேன். அவள் மட்டும் சும்மா விடுவாளா? "நான் சரியாத்தான் எடுத்தேன். நீங்க செதுக்கறப்ப எங்கே பராக்கு பார்த்தீங்களோ!" என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேரும் வாய்க்கு வந்தபடி பேசினோம். டாக்டர் வந்து விலக்கினார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நேத்தும் ஒரு கால் சரியா வரல. அண்ணி, உங்க பொத்தான்தான் கணக்கைத் தப்பாப் போடுதோ என்னமோ. இனிமே கையாலயே எழுதுங்க" என்றார்.

அண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேராகத் தன் இடத்துக்குப் போய்ப் பொத்தானின் மேக்ரோவைத் திறந்து வரிவரியாகப் பார்த்தார். ஒரு தப்பும் இல்லை. திரும்பவும் பார்த்தார். "என் கணக்கு சரியா இருக்கு. கணக்குக்கு வர்ற எண்ணுதான் சரியில்ல" என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் ஸ்டோர்காரர் பக்கத்து மேஜையில் ஒரு கடிதத்தைத் திறந்தார். பசை வாங்குவதற்கான சாதாரணக் கடிதம். மேலே மஞ்சள் பட்டை வந்தது. பார்க்காமலே அமுக்கினார்.

"நில்லுங்க!" என்று அண்ணி போட்ட சத்தத்தில் ஸ்டோர்காரர் கையிலிருந்த டீ மேஜையெல்லாம் ஓடியது. "அண்ணே, இப்ப எதை அமுக்கினீங்க?"

"எப்பவும் அமுக்கறதைத்தான். மஞ்சப்பட்டை."

"பசை வாங்கற கடுதாசிக்கு எதுக்கு மஞ்சப்பட்டை?"

மேக்ரோ இருந்தால்தானே பட்டை வரும்? மேக்ரோ இருப்பது அளவுத்தாளில் மட்டும்தானே? கடிதத்துக்குள் வேலைக்காரனை யார் வைத்தது? அண்ணி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். லீவு கடிதம், பட்டை. டாக்டரின் மாநாட்டுப் பேச்சு, பட்டை. கழிவறையில் ஒட்டுகிற 'சுத்தமாக வைத்திருக்கவும்' அறிவிப்பு, அதற்கும் பட்டை! எல்லாவற்றிலும் மஞ்சள் பட்டை, எல்லோரும் இத்தனை நாளாய் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். வந்த முதல் நாளிலிருந்து அமுக்கச் சொல்லிப் பழக்கப்பட்ட கை, எதற்கு என்று கேட்குமா?

அண்ணி தன் கம்ப்யூட்டரில் எந்த மேக்ரோவும் ஓடாதபடி நிறுத்திவிட்டு, அந்தக் கழிவறை அறிவிப்புக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தார். எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். "இது என் எழுத்தில்ல. என் எழுத்து எனக்குத் தெரியாதா?" மேக்ரோ வைரஸ். தாளைத் திறக்கும்போதெல்லாம் ஏதோ இரண்டு சொற்களையோ எண்களையோ பிடித்து இடம் மாற்றிவைத்துவிட்டு, அடுத்த தாளுக்குள் தன்னைப் போலவே ஒன்றை நட்டுவிட்டுப் போகும். கடிதத்தில் ஒரு சொல் மாறினால் தட்டச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்வோம். அளவுத்தாளில் மேல் சுற்றளவும் அதற்கு அடுத்த சுற்றளவும் இடம் மாறினால்? கண்டக்டரின் கால்தான். வைரஸ் பிடிக்கிற மென்பொருள் ஒன்று வாங்கிப் போட்டிருந்தோம். அது புதுப்பிக்காமல் கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

டேப்பு அழுதுவிட்டாள். "அப்போ நான் சரியாத்தான் எடுத்தேன்" என்றாள். "சரிம்மா, நானும் சரியாத்தான் செதுக்கினேன், ரெண்டு பேரும் புத்திசாலிங்க, போய் வேலையைப் பாரு" என்றேன்.

அதற்கப்புறம் அண்ணியைப் பார்க்க வேண்டுமே! எல்லாக் கம்ப்யூட்டரின் நெட் கம்பியையும் பிடுங்கினார். ஒவ்வொன்றாக உட்கார்ந்து சுத்தம் செய்தார். பிறகு செட்டிங்கில் கை வைத்தார். பாதுகாப்புப் பகுதியில் மேக்ரோவை என்ன செய்வது என்று கேட்கிற இடத்தில், கையொப்பம் இல்லாத மேக்ரோ எதையும் ஓடவிடாதே என்று வைத்தார். தன் பெயரில் ஒரு டிஜிட்டல் கையொப்பம் செய்து, தன் பொத்தானுக்கு மட்டும் போட்டு, இந்தக் கையொப்பத்தை நம்பு என்று ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சொல்லிவைத்தார். இனிமேல் மஞ்சள் பட்டை கேள்வி கேட்காது. அண்ணி கையொப்பம் இருந்தால் ஓடும். இல்லையென்றால் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். கடிதங்களை எல்லாம் மேக்ரோவே வைக்க முடியாத புதுவகைக் கோப்பாக மாற்றினார். கடைசியாக, வேறு யாரும் அந்த செட்டிங்கைத் தொட முடியாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார். பழைய அளவுகள் எதையும் நம்பவில்லை. காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தானே போன் போட்டு, "எங்க மேல தப்பு. சிரமத்தைப் பார்க்காம இன்னொரு தடவை அளவு கொடுக்க வாங்க" என்று கூப்பிட்டார். டாக்டரிடம் போய், "மஞ்சப்பட்டையை யோசிக்காம அமுக்குன்னு சொல்லிக்கொடுத்ததே நான்தான் டாக்டர். அந்தப் பழக்கத்தை ஒழிக்கவேண்டியதும் நான்தான்" என்று நேருக்கு நேராகச் சொன்னார். எத்தனை பேர் இப்படிச் சொல்வார்கள்? எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆபீசுக்குத்தான் பொறுக்கவில்லை. ஸ்டோர்காரரின் மச்சான் எழுதிக்கொடுத்த சரக்குக் கணக்கு மேக்ரோ ஓடவில்லை. டாக்டரின் நண்பர் அனுப்பிய ஏதோ ஒரு வாழ்த்துத் தாள் ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. "எனக்கு மட்டுமாவது திறந்துவிடுங்க அண்ணி" என்று டாக்டரே கெஞ்சினார். "உங்க கம்ப்யூட்டர் வழியா வந்தா மட்டும் வைரஸ் மரியாதையா நடந்துக்குமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். கறார் என்றால் அப்படி ஒரு கறார்.

கண்டக்டருக்குத் திரும்ப அளவெடுத்தோம். நான் பசி தூக்கம் பார்க்காமல் செதுக்கினேன். இந்தத் தடவை மாட்டிக்கொண்டு எழுந்தவர் உட்காரவில்லை. பட்டறையைச் சுற்றி வந்தார், படியேறினார், இறங்கினார். "உள்ளே போங்க, உள்ளே போங்க, படியில நிக்காதீங்க" என்று எங்களை விரட்டிப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை காலை வந்தது. கூடவே ஒரு வம்பும் வந்தது. தகுதிச் சான்றுக்கான படிவத்தை டெப்போ மெயிலில் அனுப்பியிருந்தது. டாக்டர் நிரப்பி அனுப்பினால்தான் சோதனைக்கே விடுவார்கள். அந்தப் படிவமோ, மேக்ரோ ஓடினால்தான் கட்டங்களைத் திறக்கும். அண்ணி பூட்டிய கம்ப்யூட்டரில் அது கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அண்ணி உள்ளே திறந்து பார்த்தார். டெப்போவின் மேக்ரோ ஒரு பக்கம். அதன் பின்னாலேயே, இடம் மாற்றுகிற அதே திருடன். "அப்போ இங்கிருந்துதான் வந்திருக்கு" என்றார்.

கண்டக்டர் புதுக்காலை மாட்டிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணி, ஒரே ஒரு தடவை பூட்டைத் திறங்க. அவர் வேலை போயிடும். அப்புறம் எத்தனை நாள் வேணாலும் நான் கூட உட்கார்ந்து சுத்தம் பண்றேன்" என்று கெஞ்சினேன். டாக்டரும் கெஞ்சினார். ஸ்டோர்காரர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

"இப்பத்தான் எல்லாரோட அளவையும் புதுசா ஏத்தியிருக்கோம்" என்றார் அண்ணி. "இவர் ஒருத்தர் நேரா நடக்கணும்னு மத்தவங்க காலையெல்லாம் கோணலாக்கச் சொல்றியா தம்பி? செய்யமாட்டேன். அவர் வேலையும் போகாது. டாக்டர், உங்க லெட்டர்பேடுல கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

டெப்போவுக்குப் போன் செய்தார். அங்கிருந்த கிளார்க், "எல்லாரும் அமுக்கறாங்கம்மா, நீங்களும் அமுக்குங்க. சிஸ்டத்துல வந்தாத்தான் செல்லும்" என்று வைத்துவிட்டார். அண்ணி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "கிளம்புங்க ரெண்டு பேரும்." நானும் கண்டக்டரும் பின்னால் போனோம்.

டெப்போ ஆபீஸ் டீசல் வாடையில் மிதந்தது. கிளார்க் எங்களைப் பார்த்ததுமே, "கைல எழுதினதெல்லாம் எடுத்துக்க முடியாது" என்று ஆரம்பித்தார். நான் சட்டைக் கையை மடித்தேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார், இறக்கிவிட்டுக்கொண்டேன். பிறகு கிளார்க்கிடம் குரலை இறக்கி, "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். உங்க டூட்டி சார்ட்ல ரூட்டும் பேரும் கொஞ்ச நாளா தானா மாறி மாறி வருதா?" என்று கேட்டார்.

கிளார்க்கின் முகம் வெளுத்துப்போனது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எதைத் திறந்தாலும் மேல மஞ்சளா ஒண்ணு வருதா?"

"வருது. அமுக்கிடுவேன்." மனுஷன் அப்படியே நாற்காலியில் சரிந்தார். "நான் சரியாத்தான் அடிக்கறேன்மா. காலையில பார்த்தா டிரைவருங்க ரூட்டு மாறியிருக்கு. ரெண்டு பேர் ஒரே வண்டிக்குச் சண்டை. கண்ணு போயிடுச்சா, குடிக்கறியான்னு மேனேஜர் கேக்கறார். நானே கண் டாக்டரைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. இதேதான் எங்களையும் பாடாப் படுத்துச்சு" என்று சொல்லி, அண்ணி அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வைரஸைக் காட்டினார். எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும், எதற்குக் கையொப்பம் போட வேண்டும், எதைப் பூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். மேனேஜரை இழுத்துவந்து, "பாருங்க சார், நான் இல்ல சார், இதுதான் சார்!" என்று காட்டினார். டாக்டரின் கையெழுத்துச் சான்றை மேனேஜர் வாங்கி, அங்கேயே முத்திரை குத்தி, "முதல்ல சோதனை நடக்கட்டும்" என்றார்.

கூட்டமான பஸ்ஸாகப் பார்த்துக் கொடுத்தார்கள். நாங்களும் ஏறிக்கொண்டோம். கடைசி சீட்டில் சோதிக்கிற அதிகாரி. கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு விசில் ஊதினார். வண்டி வளைந்தது, குலுங்கியது, பிரேக் அடித்தது. ஒரு குலுக்கலில் அவர் உடம்பு சாய்ந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ கம்பியைப் பிடிக்கவில்லை. புதுக்காலை அகட்டி ஊன்றி நின்றுகொண்டு, சில்லறை எண்ணினார், பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டினார், ஒரு கிழவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். யாரோ அவர் காலை மிதித்துவிட்டு, "சாரி கண்டக்டர்" என்றார். "பார்த்து மிதிக்க மாட்டியா?" என்று இவர் போட்ட சண்டையில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

சீட்டு சீட்டாகக் கடந்து எங்களிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. அண்ணி காசை நீட்டினார்.

"உங்ககிட்டே வாங்குவேனா அண்ணி? வேணாம். வச்சுக்குங்க."

"அதிகாரி பின்னால உட்கார்ந்திருக்கார்" என்றார் அண்ணி. "அவர் இல்லேன்னாலும் இதேதான். இது உங்க வண்டி. டிக்கெட் இல்லாம ஒருத்தர் உட்கார்ந்திருந்தா உங்க வேலைக்கு அழகா? கிழிங்க."

கண்டக்டர் காசை வாங்கிக்கொண்டு, இரண்டு டிக்கெட் கிழித்து அண்ணி கையில் கொடுத்தார்.